அறுந்தா என்ன செய்யும்?

எதக் கொண்டுபோய்க் காட்டினாலும் பாய் கேக்குற மொதக் கேள்வி இதுதான்: "சரி, ஓடுது. அறுந்தா என்ன செய்யும்?"

புது மிக்ஸி வாங்கிருக்கோம்னு சொன்னா, "கரண்டு போனா?" தங்கச்சி மகளுக்கு வரன் அமைஞ்சிருக்கு, மாப்பிள்ளைக்கு நல்ல வேலைன்னு சொன்னா, "வேலை போனா?" பைபாஸ்ல டீக்கடைக்காரரு புதுசாப் பந்தல் போட்டுட்டு, "எப்படி இருக்கு பாய்?"னு ஆசையாக் கேட்டாரு. பாய் அண்ணாந்து பாத்துட்டு, "காத்தடிச்சா எந்தப் பக்கம் விழும்?"னாரு. 'நல்லாருக்கு'ன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்க முத்தா உதிர்ந்துரும்? ஆரம்பத்துல எனக்கு அந்த மனுசனக் கண்டாலே ஆகாது.

அவருக்கும் பேரு இருந்துச்சு, பட்டறை போர்டுலயும் எழுதியிருந்துச்சு. ஆனா யாரும் அந்தப் பேரச் சொல்லி நான் கேட்டதில்ல. பிரேக் பாய்னாத்தான் தெரியும். வீடு பேகம்பூர்ல. கொட்டகை பைபாஸ் ஓரத்துல, வடமதுரைக்குப் போற பக்கம். லாரிக்கும் ட்ரெய்லருக்கும் காத்துப் பிரேக் வேலை மட்டும்தான் பாப்பாரு. இன்ஜின்ல சத்தம் வருதுன்னா, "அது வேற டாக்டரு, அங்கிட்டுப் போ"ம்பாரு. கிரீஸ்ல கெடக்குற தொழிலுக்கு வெள்ளச் சட்டை போட்டு, அத்தர் பூசிக்கிட்டு வருவாரு. பெருமைன்னா பெருமை, அம்புட்டுப் பெருமை. "இந்தத் திண்டுக்கல்லுல என்னைய விட்டா எவன் இருக்கான்?"னு தானே கேட்டு, "எவனுமில்ல"ன்னு தானே பதிலும் சொல்லிக்குவாரு. பிரேக்கத் தவிர மத்ததுல அவரு பேசுனதெல்லாம் பாதிக்குப் பாதி பொய். கத்திரிக்கா தின்னா காது கேக்காமப் போயிரும்னு ஒரு டிரைவருக்கிட்ட சத்தியம் பண்ணத நானே பாத்தேன்.

எங்க வீட்டுக்காரரு ட்ரெய்லர் ஓட்டுனவரு. எங்களுக்குன்னு இருந்தது ஒரே வண்டி. மில்லுலருந்து நூல் ஏத்துன கன்டெய்னரத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டுபோவாரு. வண்டிய எடுத்துட்டுப் போனாருன்னா, திரும்பி வந்து வாசல்ல செருப்பக் கழட்டுற வரைக்கும் என் உசுரு என்கிட்ட இருக்காது. போன் அடிச்சாலும் பயம், அடிக்கலேன்னாலும் பயம். ரோடு ஒருநாள் இவரப் பறிச்சுக்கிரும்னு எம் மனசுல ஒரு முள்ளு குத்திக்கிட்டே இருந்துச்சு.

பாய்கிட்ட மொத மொத போனது ஒரு குளவியால. லோடு கெடைக்காம வண்டி கொஞ்ச நாளு சும்மா நின்னுச்சு. லாரியில இருந்து ட்ரெய்லருக்குப் போற காத்துப் பைப்பு ரெண்டையும் கழட்டி வாயத் தொறந்தபடி தொங்க விட்டிருந்தாரு இவரு. குளவி சும்மா இருக்குமா? உள்ள மண்ணக் கொண்டாந்து கூடு கட்டிருச்சு. அடுத்த லோடுக்குப் பைப்ப மாட்டிக் காத்து ஏறுனதும், அந்த மண்ணு நேராப் போயி பிரேக் வால்வுக்குள்ள உக்காந்துக்கிருச்சு. அகரம் தாண்டறதுக்குள்ள ட்ரெய்லர் சக்கரம் பிடிச்சது விடாமப் புகையுது. இவரு என்ன பண்ணாரு? எல்லா டிரைவரும் பண்ணுற வேலையப் பண்ணாரு. அந்த ரெண்டுல செவப்புப் பைப்பக் கழட்டி அடைச்சுட்டு, ட்ரெய்லர் டேங்க்குல இருந்த காத்தப் பூராம் எறக்கி விட்டுட்டு, ட்ரெய்லருக்குப் பிரேக்கே இல்லாம இழுத்துக்கிட்டு வந்துட்டாரு. அன்னைக்குச் சாயங்காலத்தோட துறைமுகத்துல அந்தக் கப்பலுக்குப் பெட்டி ஏத்துறத நிறுத்திருவாக. அதனால நானும் சோத்துத் தூக்கோட கொட்டகைக்குப் போயி, வெரட்டுறதுக்குன்னே உக்காந்துட்டேன்.

"ரோட்டுல நிக்கல பாய், காத்த எறக்கிட்டுக் கொண்டாந்துட்டோம்ல!" இவரு என்னமோ சாதிச்ச மாதிரி சொல்றாரு.

பாய்க்கு மூஞ்சி செவந்துருச்சு. "மாப்ள, நீ வண்டியா ஓட்டிக்கிட்டு வந்தே? மலையக் கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வந்திருக்கேடா. எறக்கத்துல அந்த மலை உனக்கு முன்னால வரேன்னா என்ன செய்வே?"

எனக்கும் பயந்தான். இருந்தாலும் கப்பல் ஞாபகம். "சரி பாய், சீக்கிரம் பாருங்க"ன்னேன்.

பின்னால நானே அந்தக் கொட்டகையில வருசக்கணக்கா உக்காந்து வேலை பாத்ததால இந்த விசயம் எனக்கு இப்பத் தண்ணி பட்ட பாடு. லாரியில இருந்து ட்ரெய்லருக்கு ரெண்டு பைப்பு. செவப்புல எந்நேரமும் காத்து இருக்கும், ட்ரெய்லருக்குன்னு இருக்குற டேங்க்க அது ரொப்பிக்கிட்டே இருக்கும். மஞ்சள்ல, டிரைவரு பெடல மிதிச்சா மட்டும்தான் காத்து வரும். அந்தக் காத்து சக்கரத்துக்குப் போறதில்ல, அது வெறும் உத்தரவு. அம்புட்டு நீள வண்டியில முன்னாலருந்து காத்து பின்சக்கரம் போயிச் சேர்றதுக்குள்ள காரியம் கெட்டுரும். அதனால ட்ரெய்லருக்கு அடியில தேங்கா அளவுக்கு ஒரு வால்வு உக்காந்திருக்கும். மஞ்சள்ல உத்தரவு வந்ததும், பக்கத்துல இருக்க ட்ரெய்லர் டேங்க்குக் காத்தத் தொறந்து சக்கரத்துக்கு விடும். காலை எடுத்தா அந்தக் காத்த வெளிய விட்டு, பிடியத் தளத்திரும்.

இது எல்லாருக்கும் தெரிஞ்ச பாதி. மிச்சப் பாதிதான் பாயோட உசுரு. செவப்புப் பைப்பு அறுந்துருச்சு, இல்ல ட்ரெய்லரே கழண்டுருச்சுன்னு வச்சுக்கங்க. செவப்புல காத்து செத்ததும், வால்வு யாரு உத்தரவுக்கும் காத்துக்கிட்டு இருக்காது. டேங்க்குல இருக்க காத்த எடுத்துத் தானாச் சக்கரத்தப் பிடிச்சுக்கும். வீட்டுல பெரிய மனுசன் மயங்கி விழுந்ததும், எவனும் சொல்லாமலே ஓடிப்போயி அடுப்ப அணைக்கிற பொம்பளை மாதிரி.

பாய் வால்வக் கழட்டி, குளவி மண்ண வழிச்சு, ரப்பர மாத்திப் பூட்டுனாரு. பெடல மிதிச்சுப் பாத்தாச்சு, பிடிக்கிது, விடுது. நான் எந்திரிச்சுட்டேன். பாய் விடல. ஓடுற இன்ஜினோட செவப்புப் பைப்ப வெடுக்குனு பிடுங்குனாரு. உஸ்ஸ்னு ஒரு சத்தம், ட்ரெய்லர் அடியில டொக்குன்னு ஒரு சத்தம். "இழு மாப்ள"ன்னாரு. லாரி உறுமுது, ட்ரெய்லர் அசையல. பாய் முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. மறுபடி மாட்டுனாரு, மறுபடி பிடுங்குனாரு.

"சரியாயிருச்சுல்ல பாய், விடுங்க. கப்பல் போயிரும்."

"பிடிக்க லேட்டாகுது தங்கச்சி. இன்னொரு தடவை தொறக்கணும். கப்பல் நாளைக்கும் வரும்."

"நாளைக்கு வர்ற கப்பல்ல எங்க நூலுக்கு எடம் இல்ல!"

"அப்ப நூலு நிக்கட்டும்."

நின்னுச்சு. கப்பல் போயிருச்சு. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அவரக் கரிச்சுக் கொட்டிக்கிட்டே வந்தேன்.

போறப்ப ரெண்டு மரக்கட்டையக் குடுத்து விட்டாரு. ஒரு பக்கம் சரிவா செதுக்குன புளியங்கட்டை, சக்கரத்துக்கு அண்டக் குடுக்க. "வால்வு பிடிச்சிருச்சுன்னு துண்ட விரிச்சுப் படுத்துராதே மாப்ள. அது டேங்க்குக் காத்துல பிடிச்சிருக்க பிடி. ஊசி முனை ஒழுகல் இருந்தாலும் காத்து எறங்கிரும், பிடி விட்டுரும். அது பிடிச்சுக்கிட்டு உன்னையத்தான் கூப்புடுது, சீக்கிரம் வாடா, செத்த நேரந்தான் தாங்குவேன்னு. அதுக்குள்ள நீ ஓடிப்போயி கட்டையப் போட்டுறணும்."

எங்க வீட்டுல கிரைண்டரு ஒரு பக்கம் ஆடிக்கிட்டே இருக்கும், தரை மேடு பள்ளம். அந்தக் கட்டையில ஒண்ணு அதுக்கு அளவெடுத்த மாதிரி சேந்துச்சு. நான் வச்சுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் எங்க வீட்டுக்காரரு பாய்கிட்டயே விழுந்து கெடந்தாரு. மாப்ள, மச்சான்னு ஒரே ஒட்டு. ஒருநாள் சாப்பிடக் கூப்பிட்டுட்டாரு. பாய் சாப்பிடணும்கிறதுக்காக பேகம்பூர்லயே கறி வாங்கியாந்து கொழம்பு வச்சேன். அந்த மனுசன் கறிய விட்டுட்டு, தொட்டுக்க வச்ச கத்திரிக்கா வெஞ்சனத்த மூணு தடவை வாங்கித் தின்னாரு. காது என்னாகும் பாய்னு கேட்டேன், காதே கேக்காத மாதிரி உக்காந்திருந்தாரு. எல்லாம் நல்லாத்தான் போச்சு. கை கழுவிட்டு வந்து உக்காந்து, வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கிட்டே என்னையப் பாத்துக் கேக்குறாரு: "ஏந் தங்கச்சி, மாப்ள இல்லேன்னா நீ என்ன செய்வே?"

எனக்குக் கோவம் தலைக்கு ஏறிருச்சு. எந்தப் பயத்த வாயில சொல்லக்கூட மாட்டேனோ, அத எம் வீட்டுக்குள்ள உக்காந்து, நான் ஆக்கிப் போட்ட சோத்தத் தின்னுட்டுக் கேக்குறாரு. "எந்திரிங்க பாய்"ன்னேன். "வாயில நல்லதே வராதா உங்களுக்கு? எந்திரிச்சுப் போங்க."

"எம் பொண்டாட்டிகிட்டயும் கேட்டேன் தங்கச்சி. நீங்க இல்லேன்னா நிம்மதியாத் தூங்குவேன், கொறட்டச் சத்தம் இருக்காதுல்லன்னு சொல்லுச்சு. அது பதிலு! அந்த மாதிரி…"

"போங்கன்றேன்!"

போயிட்டாரு. மாசக்கணக்கா நான் அவரோட பேசல. பொண்டாட்டி சொன்ன பதில மட்டும் பைபாஸ் பூராம் சொல்லிப் பெருமையடிச்சுக்கிட்டுத் திரிஞ்சாருன்னு கேள்விப்பட்டேன்.

மறுபடி பேசுனது பாலத்துலதான். வடமதுரைப் பக்கத்து மில்லுக்குப் பஞ்சு லோடு போச்சு, அங்க தங்கச்சி வீட்டுக்குப் போகணும்னு நானும் வண்டியில ஏறிக்கிட்டேன். நல்ல காலை வெயிலு. லோடோட ரயில்வே பாலத்து மேல ஏறுது வண்டி. பாதி ஏத்தத்துல டப்புன்னு ஒரு சத்தம். யாரோ பின்னாலருந்து முடியப் பிடிச்சு இழுத்த மாதிரி வண்டி நின்னுருச்சு. இவரு எறங்கிப் பாத்துட்டு, "செவப்புப் பைப்பு வெடிச்சிருச்சு"ன்னாரு. ஒரசி ஒரசி வெடிச்சிருக்கு.

பின்னால ஒட்டினாப்புல ஒரு மினி வேன். பூப்பறிச்சுட்டு வர்ற பொம்பளைக, மடி நெறையக் கூடையோட நெருக்கி உக்காந்திருக்காக. அதுக்குப் பின்னால எறக்கம் பூராம் வண்டி. ஆரன் சத்தம் காதக் கிழிக்குது. "அண்ணே, காத்த எறக்கிட்டு ஓரங்கட்டுண்ணே"ன்னு ஒருத்தன் யோசனை சொல்றான். இவரும் பதட்டத்துல ட்ரெய்லர் டேங்க்குப் பக்கம் குனிஞ்சுட்டாரு. எனக்கு என்ன தோணுச்சோ, பாய்க்குப் போனப் போட்டேன்.

"பாய், ஏத்தத்துல நிக்கிது. செவப்புப் பைப்பு போச்சு."

சண்டை போட்டவகன்னு ஒரு வார்த்தை இல்ல. "கட்ட வச்சாச்சா?"

"இவரு காத்த எறக்கப் போறாரு பாய்."

"தொட்டா கைய ஒடிச்சிருவேன்னு சொல்லு. லாரி பிரேக்கு மட்டும் அம்புட்டுக் கனத்துக்கு எந்த மூலைக்குக் காணும்? கட்டை தங்கச்சி, மொதக் கட்டை!"

இவரு கையத் தட்டி விட்டுட்டு டூல்ஸ் பெட்டியத் தொறந்தேன். ஒரு கட்டைதான் கெடக்கு. இன்னொண்ணு எங்கன்னு எனக்குத்தான தெரியும். இருந்தத ஒரு சக்கரத்துக்குப் பின்னால திணிச்சு, குதிகாலால ஓங்கி மிதிச்சேன். பாலத்தோரத்துல ஒடைஞ்சு கெடந்த கான்கிரீட்டுத் துண்ட, சேலையச் சொருகிக்கிட்டு உருட்டிக்கொண்டாந்து மறுபக்கம் போட்டோம். வேன்காரனப் பின்னால போகச் சொல்லிக் கத்துனேன், அவனுக்குப் பின்னால எடமில்ல. செத்த நேரம் ஒண்ணும் ஆகல. ஆரன் அடிச்சவனுக என்னையக் கிறுக்கச்சியப் பாக்குற மாதிரி பாத்தானுக. ட்ரெய்லருக்கு அடியில காத்து ஒழுகுற சீறல் மட்டும் கொறஞ்சுக்கிட்டே வந்துச்சு. அது அடங்குனதும், அம்புட்டுப் பெரிய வண்டி ஒரு சாண் பின்னால வந்துச்சு. கட்டை மேல ஏறி, கிறீச்சுன்னு அழுத்தி, நின்னுருச்சு.

வேனுக்குள்ள ஒரு பொம்பளை கூடைய அணைச்சுக்கிட்டுக் கண்ண மூடிக்கிட்டு இருந்துச்சு. இவரு அப்படியே ரோட்டுல உக்காந்துட்டாரு.  ஆனா, சொன்னா நம்புவீங்களோ என்னமோ, அன்னைக்குத்தான் எம் மனசுல இருந்த முள்ளு கொஞ்சம் வெளிய வந்துச்சு, அறுந்தாலும் செய்ய ஒண்ணு இருக்குல்ல.

பாய் புதுப் பைப்ப கழுத்துல மாலை மாதிரி போட்டுக்கிட்டு மொபெட்டுல வந்தாரு. எங்களப் பாக்கல. நேராக் குனிஞ்சு கட்டையத்தான் பாத்தாரு. "இன்னொண்ணு எங்க?"

"எங்கயோ விழுந்துருச்சு போல பாய்"ன்னேன்.

ரோடு இவரப் பறிக்கல. வீட்டு நாற்காலியில, டி.வி. பாத்துக்கிட்டு இருந்த மனுசன், தண்ணி குடுன்னு கேட்டாரு. கொண்டாந்தேன். வாங்க ஆள் இல்ல. அம்புட்டு வருசமா நான் ரோட்டப் பாத்துக்கிட்டே காவல் இருந்தேன், சாவு கொல்லப்பக்கமா வந்து கொண்டு போயிருச்சு.

பாய் சுடுகாடு வரைக்கும் போனாரு. அதுக்கப்புறம் ஆளக் காணோம். எழவு வீட்டுக்கு வராத ஆளில்ல. டீக்கடைக்காரரு வந்தாரு, மில்லு வாச்மேன் வந்தாரு. பாய் எட்டிப் பாக்கல. தின்ன சோறு மறந்து போச்சான்னு எனக்கு ஆத்தாமையா வந்துச்சு. நான் நிமிந்து நின்னேன். வந்தவுகளுக்குக் காப்பி, பந்தல்காரனுக்குப் பதில், கருமாதிக்கு எல தழை எல்லாம் நானே பாத்தேன். "தேக்கு மரம் மாதிரி நிக்கிறா பாரு"ன்னு என் காது படவே பேசிக்கிட்டாக. கருமாதி முடிஞ்சு, ஒட்டன்சத்திரத்துல கட்டிக் குடுத்த ஒரே மகளும் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போயிருச்சு. அன்னைக்கு ராத்திரி அடுப்புப் பத்த வைக்கல. மறுநாளும் பத்த வைக்கல. தலை சீவல. வாசல் தெளிக்கல. ஏன்னு கேக்க யாருமில்ல.

காலையில கதவு தட்டுற சத்தம். பாயும் அவரு பொண்டாட்டியும். அந்த அக்காவ நான் அப்பத்தான் மொத மொத பாக்குறேன். கையில பெரிய தூக்குவாளி.

"எல்லாரும் வந்துட்டுப் போயிட்டாக. நீங்க என்ன பாய் இப்பத்தான் வாரீக?"ன்னு கேட்டேன், சுருக்குன்னு.

"கூட்டம் இருக்கையில எனக்கு என்ன வேலை தங்கச்சி? அறுந்ததும் நீ பிடிச்சு நின்னதத்தான் ஊரே சொல்லுச்சே. அது எம்புட்டு நேரந் தாங்கும்னு எனக்குத் தெரியாதா?"

அக்கா நேரா அடுப்படிக்குப் போயி, காஞ்சு கெடந்த ஏனத்த அள்ளிப் போட்டு வெளக்க ஆரம்பிச்சிருச்சு. பாய் கைய எங்க வைக்கிறதுன்னு தெரியாம நின்னவரு, கிரைண்டருக்கு அடியில பாத்தாரு. குனிஞ்சு பாத்தாரு. "அட, எங்கயோ விழுந்துருச்சுன்னே! கட்டை இங்கல்ல இருக்கு!"

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. கட்டுப்படுத்த முடியாத சிரிப்பு. சிரிச்சுக்கிட்டே இருக்கேன், அது எந்த எடத்துல அழுகையாத் திரும்புச்சுன்னு எனக்கே தெரியல. கூட்டத்துக்கு முன்னால ஒப்பாரி வச்சு அழுதது வேற, இது வேற. அக்கா ஈரக் கையோட ஓடியாந்து பிடிச்சுக்கிருச்சு. பாய் வாசப்படியில போயித் திரும்பி உக்காந்துக்கிட்டாரு.

வண்டிய வித்துட்டேன். அடுத்த மாசத்துல இருந்து கொட்டகைக்கு வரச் சொன்னாரு பாய். பாவம் புண்ணியம்னு இல்ல, "ரப்பரு, வால்வு எடுத்துக் குடுக்க ஆளு வேணும், என் ஆளுக எல்லாம் களவாணிப் பயலுக"ன்னாரு, அவனுக முன்னாலயே. போனேன். அவரு அலட்டலு, பொய்யி, அத்தரு எல்லாத்தையும் சகிச்சுக்கிட்டு வருசங்கள் ஓடிருச்சு. அவரு செவப்புப் பைப்ப பிடுங்குறப்பல்லாம் நான் கைவேலைய விட்டுட்டு நின்னு பாப்பேன்.

போன நோன்பு முடிஞ்ச கையோட பாய் போயிட்டாரு. ஆஸ்பத்திரியில நாலஞ்சு நாளு, அம்புட்டுத்தான். பேகம்பூர்த் தெரு கொள்ளல. பைபாஸ் லாரிக பூராம் ஒரு நாளு ஓரமா நின்னுச்சு. நான் போனேன், பொம்பளைகளோட உக்காந்தேன். அக்கா அழுது முடிச்சு, வந்தவுகளுக்குத் தண்ணி குடுத்தாச்சான்னு கேட்டுக்கிட்டு, நிதானமா இருந்துச்சு. "என்ன தைரியமா இருக்காக பாருங்க"ன்னு எம் பக்கத்துல ஒருத்தி சொன்னா. என்னையும் இப்படித்தான சொன்னாக. எந்திரிச்சு வந்துட்டேன். அதுக்கப்புறம் அங்க போகல, பாயோட ஆளுகள வச்சுக் கொட்டகையத்தான் பாத்துக்கிட்டேன்.

நாப்பதாம் நாள் ஓதி முடிச்சு, அவுக மகனும் மருமகளும் ஊருக்குப் பஸ் ஏறிட்டாகன்னு தெரிஞ்ச மறுநாக் காலையில, கத்திரிக்கா வெஞ்சனமும் சோறும் தூக்குல எடுத்துக்கிட்டுப் போனேன். அக்கா கதவத் தொறந்துச்சு. புருசன் செத்த துக்கத்துக்கு வெளிய வராம வீட்டோட இருக்குற இத்தாவுல இருக்காக, வெள்ளச் சேலை. கண்ணு உள்ள போயிருந்துச்சு.

"எல்லாரும் வந்து போயிட்டாக. நீ என்ன இப்பத்தான் வாரே?"

நேரா அடுப்படிக்குப் போனேன். ஏனமெல்லாம் காஞ்சு கெடந்துச்சு. வெளக்கிக் கவுத்திட்டு வந்து பக்கத்துல உக்காந்தேன். கேக்கவா வேணாமான்னு இருந்துச்சு. கேட்டுட்டேன்.

"கொறட்டச் சத்தம் இல்லாம நிம்மதியாத் தூங்குறீங்களாக்கா?"

அக்கா என்னைய மொறைச்சுப் பாத்துச்சு. "அடிப் பாவி மகளே"ன்னு ஒதடு சிரிக்கத்தான் போச்சு. "அந்தச் சத்தமில்லாமத் தூக்கமே வரமாட்டேங்குதுடி"ன்னு சொல்லி, அப்படியே எந் தோள்ல சாஞ்சுக்கிருச்சு.

அன்னைக்கு நான் கொட்டகையத் தொறக்கல. டிரைவருக போன் அடிச்சுக்கிட்டே இருந்தாக. நிக்கட்டும்னு விட்டுட்டேன்.